மரத்துப்போன இடத்தில் படை இல்லை

முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை செய்துகொண்டபோது, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போனது. கீறல் போகும் வழியில் ஒரு சின்ன நரம்புக் கிளை இருக்கிறது, அது அறுபடுவது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயந்தது வேறொன்றுக்கு. எனக்குப் பல வருடங்களாகச் சொரியாசிஸ். காயம் பட்ட இடத்தில் புதிதாகப் படை (செதில் உதிரும் சிவந்த தடிப்பு) கிளம்பக்கூடிய தோல் நோய் இது. தழும்பு நெடுகச் செதில் பூத்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

தழும்பின் மேல்பாதியில் அப்படித்தான் ஆனது. ஆனால் மரத்துப்போன பகுதியில் ஏற்கெனவே இருந்த பழைய திட்டு மெல்ல மெல்ல மங்கத் தொடங்கியது. முதலில் செதில் உதிர்வது நின்றது. பிறகு தடிப்பு இறங்கியது. கடைசியில் சிவப்பும் போய், லேசான நிறமாற்றம் மட்டும் மிஞ்சியது. தடவிய களிம்பு பழைய களிம்புதான். இன்னொரு முழங்காலில் இருந்த அதன் ஜோடித் திட்டோ கொஞ்சமும் அசையவில்லை. ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டுத் தொட்டு, உணர்வு தொடங்கும் இடங்களில் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தேன். படை தொடங்கும் எல்லையும் ஏறக்குறைய அந்தப் புள்ளிகளின் மேலேயே ஓடியது.

தோல் மருத்துவரிடம் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நரம்பு அறுந்த இடத்துல படை அடங்கிப்போறதை 1970-களிலேயே எழுதி வச்சிருக்காங்க. உணர்வு திரும்பி வந்தா படையும் வரலாம். வந்தா எப்படி வருதுன்னு கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

வந்தது. முதலில் எறும்பு ஊர்வது போன்ற சுருசுருப்பு. அப்புறம் துணி பட்டால் கூசியது. அடுத்து அரிப்பு. வெளியே ஒன்றுமே தெரியாத, சுத்தமான தோலில் அரிப்பு. அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் சிவப்பும், அதற்கும் பிறகு செதிலும். உணர்வு, அரிப்பு, சிவப்பு, செதில் என்ற அந்த வரிசை என் மனத்தில் பதிந்துவிட்டது. அதுவரை அரிப்பை நோயின் தொந்தரவாக மட்டுமே நினைத்திருந்தேன். நோயை நடத்தும் வேலையில் அதற்கும் பங்கு இருக்குமோ என்ற கேள்வி அப்போது வந்ததுதான். ஒருவருடைய ஒரு முழங்கால் எதையும் நிரூபித்துவிடாது என்பது தெரியும். ஆனால் இதையொத்த பதிவுகள் பல நோயாளிகளிடம் இருந்து வந்திருக்கின்றன, அவற்றைத் தொடர்ந்து ஆய்வுக்கூடங்களில் நடந்த வேலையும் நிறைய இருக்கிறது. அதைப் படித்துத் தெரிந்துகொண்டதில் என் அன்றாடத்தை மாற்றியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சொரியாசிஸ் என்றாலே இன்று எல்லோரும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சொல்கிறார்கள். அது சரிதான். தோலில் உள்ள சில வெள்ளையணுக்கள் ஓயாமல் கிளர்ந்து, இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23, டிஎன்எஃப் போன்ற செய்திப் புரதங்களைக் கொட்டுகின்றன. அந்தத் தூண்டுதலில் மேல்தோல் செல்கள் அவசர அவசரமாகப் பெருகுகின்றன. அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர வழக்கமாக ஒரு மாதம் போல ஆகும். படை உள்ள இடத்தில் அது சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காக ஒட்டி நிற்பதுதான் நாம் பார்க்கும் வெள்ளிச் செதில்.

கேள்வி என்னவென்றால், இந்தக் கிளர்ச்சியை எழுப்பிவிடுவது யார்? உடம்பெங்கும் ஒரே ரத்தம்தான் ஓடுகிறது. அப்படியிருக்க முழங்கையிலும் முழங்காலிலும், அதுவும் இடமும் வலமுமாக ஜோடி ஜோடியாகப் படை வருவானேன்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த தோல் மருத்துவர் யூஜின் ஃபார்பரும் அவருடைய சகாக்களும் 1986-ல் இதைத்தான் எழுப்பினார்கள். மன அழுத்தத்தில் படை அதிகமாவது, இருபுறமும் ஒத்துப்போவது, நரம்பு அறுந்தால் அடங்குவது, இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து, தோல் நரம்பு நுனிகளில் இருந்து கசியும் நியூரோபெப்டைடுகள் அழற்சியைத் தொடக்கி வைக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

நியூரோபெப்டைடு என்பது நரம்பு செல் தானே தயாரித்து வெளியிடும் குட்டிப் புரதச் சங்கிலி. தோலைப் பொறுத்தவரை இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சப்ஸ்டன்ஸ் பி. 1931-ல் உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் கண்டுபிடித்தது, 11 அமினோ அமிலங்கள் கொண்டது. இன்னொன்று சிஜிஆர்பி, 37 அமினோ அமிலங்கள் கொண்டது, 1980-களின் தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. வலியையும் சூட்டையும் அரிப்பையும் உணரும் மெல்லிய நரம்பிழைகள் தோலின் மேலடுக்குவரை கிளைவிட்டு நிற்கின்றன. அவற்றின் நுனிகளில் இந்த இரண்டும் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

உணர்வு நரம்பு செய்தியை மேலே மூளைக்கு மட்டும்தான் அனுப்பும் என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். அது பாதிக் கதை. நகத்தால் முன்கையில் அழுத்தி ஒரு கோடு இழுத்தால் முதலில் கோடு மட்டும் சிவக்கும், பிறகு கோட்டைச் சுற்றிச் செம்மை பரவும், சிலருக்குக் கோடே புடைத்து எழும். பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927-ல் இதை விவரித்தார். கோட்டைச் சுற்றிப் பரவும் அந்தச் செம்மைக்குக் காரணம் நரம்பு. ஒரு கிளையில் எழுந்த தூண்டல் தண்டுவடத்துக்குப் போகிற வழியிலேயே பக்கத்துக் கிளைக்குத் திரும்பி இறங்கி, அதன் நுனியில் இருக்கும் பெப்டைடுகளைத் தோலுக்குள் சிந்துகிறது. உணர்வு நரம்பு முழுவதுமாகச் சிதைந்துபோன தோலில் அந்தச் செம்மை பரவுவதில்லை. (படை உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.)

சிந்திய பெப்டைடுகள் என்ன செய்கின்றன? சிஜிஆர்பி ரத்த நாளங்களை நெடுநேரம் விரித்து வைக்கிறது. சப்ஸ்டன்ஸ் பி அவற்றின் சுவரைக் கசியச் செய்கிறது, மாஸ்ட் செல்களை (அழற்சி ரசாயனங்களைச் சேமித்து வைத்திருக்கும் தோல் செல்களை) தட்டி அவற்றின் சரக்கைக் கொட்ட வைக்கிறது, வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து தோலுக்குள் இறங்க வழி செய்கிறது. மேல்தோல் செல்களைத் தூண்டி அழற்சிப் புரதங்களையும் நரம்பு வளர்ச்சிக் காரணியையும் சுரக்க வைக்கிறது.

அந்த நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ரீட்டா லெவி-மோன்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் வளர்ச்சிக் காரணிகளுக்காக நோபல் பரிசு பெற்றதும் அதே 1986-ல்தான். நரம்பிழைகளை வளரவும் கிளைவிடவும் செய்யும் புரதம் அது. சொரியாசிஸ் படைகளில் அதன் அளவு கூடியிருக்கிறது. அப்படியென்றால் வட்டம் இப்படிப் போகிறது: நரம்பு நுனி பெப்டைடைச் சிந்துகிறது, மேல்தோல் செல்கள் பதிலுக்கு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன, அதைக் குடித்து நரம்பு நுனிகள் இன்னும் அடர்த்தியாகவும் இன்னும் சுலபமாகச் சீண்டப்படுபவையாகவும் ஆகின்றன, மறுபடி இன்னும் கூடுதலாகச் சிந்துகின்றன. ஒரு முறை சொறிந்தால் ஏன் சொறிந்துகொண்டே இருக்கத் தோன்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நரம்புக்கும் இன்டர்லூக்கின்-23-க்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அழுத்தமாகக் காட்டியது 2014-ல் வெளிவந்த சுண்டெலி ஆய்வு. இமிக்விமாட் என்ற களிம்பைத் தடவினால் எலித்தோலில் சொரியாசிஸ் போன்ற அழற்சி வரும். ஹார்வர்டில் லொரேனா ரியோல்-பிளாங்கோவும் உல்ரிக் வான் ஆன்ட்ரியனின் குழுவும், வலி உணரும் நரம்புகளை முன்கூட்டியே நீக்கிவிட்டு அந்தக் களிம்பைத் தடவினார்கள். அழற்சி வெகுவாகக் குறைந்தது. தோலில் உள்ள டெண்ட்ரிடிக் செல்கள் (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்கள்) இன்டர்லூக்கின்-23-ஐச் சுரக்க அந்த நரம்புகளின் தூண்டுதல் தேவைப்பட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்கள் நரம்பிழைகளை ஒட்டியே உட்கார்ந்திருந்தன. 2019-ல் டேனியல் கப்லானின் குழு இன்னும் ஒரு படி போனது. ஒளி பட்டால் நரம்பு விழிக்கும்படி மரபணு மாற்றிய எலிகளின் தோலில் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். கிருமியும் இல்லை, காயமும் இல்லை. நரம்பைத் தூண்டியதற்கே இன்டர்லூக்கின்-17 வகை அழற்சி எழுந்தது. ஒளி படாத பக்கத்துத் தோலிலும் எழுந்தது.

எலி மனிதன் ஆகாது. எலித்தோலில் இன்டர்லூக்கின்-17-ஐச் சுரப்பவை பெரும்பாலும் காமா-டெல்டா டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள். நம் படைகளில் வேறு வகை டி செல்கள் முன்னணியில் இருக்கின்றன. நியூரோபெப்டைடு எப்போதும் அழற்சியைக் கூட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. மேல்தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களைச் சிஜிஆர்பி அடக்கி வைக்கிறது என்பது 1993-லேயே தெரிந்த செய்தி. ஒரே பெப்டைடு ஓரிடத்தில் தணிக்கும், இன்னோரிடத்தில் கிளப்பும். "நரம்பைச் சரிசெய்தால் சொரியாசிஸ் போய்விடும்" என்று யாராவது உங்களிடம் எதையாவது விற்க வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நியூரோபெப்டைடைத் தடுப்பதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட சொரியாசிஸ் மருந்து எதுவும் இப்போது இல்லை. சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படுகின்றன, அவை நமக்கானவை அல்ல.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதில் எனக்கு முதலில் கிடைத்தது மன ஆறுதல். அதைச் சொல்லாமல் நடைமுறைக்குப் போக மனம் வரவில்லை. இந்த நோய் உள்ள எல்லோரும் கேட்டிருப்பார்கள்: "நீ ரொம்ப யோசிக்கிற, அதான் வருது." என் அக்காவே பாசத்தோடுதான் சொல்வார், "டென்ஷன விட்டுடு, எல்லாம் தானா சரியாயிடும்." அந்தப் பேச்சில் ஒரு பழி ஒளிந்திருக்கும். மனத்தை அடக்கத் தெரியாததால் வந்த வினை என்பது போல. நரம்பு என்றதும் நாம் மனம் என்று எடுத்துக்கொள்கிறோம். என் முழங்காலில் அறுந்தது என் கவலை இல்லையே. கவலை இருந்தபடியேதான் இருந்தது. அறுவைக்குப் பிறகான மாதங்களில் அது கூடியும் இருந்தது. அறுந்தது ஒரு நூலிழை, நின்றது அதன் நுனியில் இருந்து கசிந்த ரசாயனம். மன அழுத்தம் படையைப் பாதிக்கும் என்பது உண்மை. எலிகளை அழுத்தத்துக்கு உள்ளாக்கினால் தோலில் சப்ஸ்டன்ஸ் பி கொண்ட நரம்பிழைகள் கூடுகின்றன, மாஸ்ட் செல்கள் அதிகமாகச் சரக்கைக் கொட்டுகின்றன. அந்தப் பாதை ரத்தமும் சதையுமான பாதை. நெஞ்சுத் துடிப்பு கூடுவதற்கு யாரையும் நாம் குறை சொல்வதில்லை. இதற்கும் சொல்ல வேண்டியதில்லை. அக்காவிடம் இதை விளக்கியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அரிக்குதுன்னு நீ சொன்னப்பல்லாம் உள்ள நிஜமாவே ஏதோ நடந்துட்டு இருந்திருக்கு" என்றார். ஆமாம் அக்கா, நடந்துகொண்டுதான் இருந்தது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எனக்கு உதவியவை இவை. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அரிப்பை மருத்துவரிடம் தனியாகச் சொல்லத் தொடங்கினேன். பெரும்பாலான பரிசோதனைகளில் படையின் பரப்பையும் தடிப்பையும் பார்ப்பார்கள். அரிப்பு கண்ணுக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு மதிப்பெண், எந்த நேரத்தில் கூடுகிறது, தூக்கம் கெடுகிறதா, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போவேன். சொரியாசிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அரிப்பு இருக்கிறது. மாலையிலும் இரவிலும் கூடுவது பொதுவான அனுபவம். இரவு அரிப்பு ஏழு எட்டுக்குப் போகிறது என்று நான் எழுதிக் காட்டிய பிறகுதான் சிகிச்சை முறையே மாறியது. அதற்கு முன் பரப்பளவு கொஞ்சம்தானே என்று களிம்போடு நிறுத்தியிருந்தார்கள்.

அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை ரசாயனத்தைத் தடுக்கும்) மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் நம்மில் ஏராளம். சொரியாசிஸ் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு. நரம்புப் பெப்டைடுகளும் அழற்சிப் புரதங்களும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன. அதனால் இந்த மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கலாம், அரிப்பின் வேரைத் தொடுவது அரிது. படையின் அழற்சியை அடக்குவதே அரிப்பை அடக்கும் நேர்வழி. எனக்குப் பின்னாளில் இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் பயாலஜிக் ஊசி (உயிர்செல்களில் தயாரிக்கும் புரத மருந்து) தொடங்கியபோது, திட்டுகள் தட்டையாவதற்கு முன்பே அரிப்பு விட்டுப்போனது. முதல் முறையாக இரவு முழுக்கத் தூங்கி எழுந்த அந்தக் காலை நேரத்தை எப்படி விவரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. சரியான களிம்பையும் ஒளிச்சிகிச்சையையும் ஒழுங்காகத் தொடர்வதிலேயே பலருக்கு அரிப்பு அடங்கிவிடுகிறது.

வெந்நீர். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை விடுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. அரிக்கும் இடத்தில் கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றினால் சில நிமிடம் சொர்க்கம். பிறகு இரண்டு மடங்கு அரிப்பு. மிளகாயின் காரத்தை உணரும் அதே வாங்கிதான் (நரம்பு நுனியில் தூண்டலைப் பெறும் புரதம்) சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்கிறது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். டேவிட் ஜூலியஸின் குழு 1997-ல் அதை அடையாளம் கண்டது, 2021-ல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் கிடைத்தது. எலி ஆய்வுகளில் அழற்சியைக் கிளப்பிய நரம்புகள் இந்த வாங்கியைக் கொண்டவைதான். வெந்நீரை ஊற்றும்போது நாம் அந்த நரம்பு நுனிகளைத்தான் தட்டி எழுப்புகிறோம், கூடவே தோலின் எண்ணெய்ப் பசையையும் கழுவி விடுகிறோம். இப்போது வெதுவெதுப்புக்கும் கீழான நீரில் சுருக்கமாகக் குளித்து, துடைத்தும் துடைக்காமலும் ஈரத்தோடு ஈரமாக மாய்ஸ்சரைசர் தடவுகிறேன். அரிப்பு திடீரென்று எழுந்தால் நனைத்த துணியையோ, ஐஸ் பையைத் துணியில் சுற்றியோ அழுத்திப் பிடிக்கிறேன். குளிர்ச்சி வேறொரு வாங்கி வழியாகப் போய் அரிப்புச் செய்தியைத் தணிக்கிறது. மெந்தால் கலந்த லோஷன் இதே வழியில்தான் வேலை செய்கிறது. வெடிப்பும் புண்ணும் உள்ள இடத்தில் மெந்தால் எரியும், அங்கே வேண்டாம்.

காரம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிளகாயில் உள்ள கேப்சைசினைத் தொடர்ந்து தடவினால் நரம்பு நுனிகளில் சப்ஸ்டன்ஸ் பி தீர்ந்துபோகும். இந்த அடிப்படையில் 1980-களிலும் 1990-களிலும் கேப்சைசின் களிம்பைச் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள், அரிப்பும் சிவப்பும் ஓரளவு குறைந்ததும் உண்மை. பலருக்குத் தொடக்கத்தில் கடுமையான எரிச்சல் இருந்தது. நரம்புக் கோட்பாட்டுக்கு அது வலுவான சான்று. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசுவதற்கு அது அனுமதி அல்ல. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த எரிச்சலே புதிய படைக்கு வித்தாகலாம்.

அந்த வித்துக்குத்தான் கோப்னர் விளைவு என்று பெயர். ஹைன்ரிக் கோப்னர் 1870-களில் விவரித்தது. கீறல், உரசல், தீக்காயம், வெயில் எரிப்பு, பச்சை குத்துதல், பூச்சிக்கடி என எது தோலைச் சீண்டினாலும் அங்கே படை எழலாம். நால்வரில் ஒருவருக்கு இது நேர்வதாகப் பொதுவாகச் சொல்வார்கள். காயம் பட்டு இரண்டு வாரம் போல ஆன பிறகே பெரும்பாலும் தெரியவரும், அதனால் பலர் காரணத்தோடு பொருத்திப் பார்ப்பதே இல்லை. நகத்தால் கோடு இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம். இடுப்புப் பட்டி அழுந்தும் இடம், கைக்கடிகார வார், மழிக்கும் கத்தி, உள்ளாடை ரப்பர், பையைத் தொங்கவிடும் தோள் என்று என் உடம்பில் உரசும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தளர்த்தினேன். செதிலை உரித்து எடுக்கும் கை தானாகவே போகும். நகத்தைக் குட்டையாக வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து வைத்திருப்பது பெரிய உதவி. தூக்கத்தில் சொறிகிறவர்கள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுப் பாருங்கள். செதிலை எடுத்தே ஆக வேண்டும் என்றால் சாலிசிலிக் அமிலக் களிம்பு போன்றவற்றால் ஊறவைத்து மென்மையாக்கும் முறையை மருத்துவரிடம் கேளுங்கள்.

படை இல்லாத இடத்தில் வரும் அரிப்பை இப்போது நான் சும்மா விடுவதில்லை. முன்பு படை வந்து மறைந்த இடம் என்றால் இன்னும் கவனமாக இருப்பேன். சிகிச்சையில் தோல் சுத்தமாகத் தெரிந்தாலும், அழற்சியை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் அங்கேயே தங்கியிருக்கின்றன. படை பழைய இடத்துக்கே திரும்பி வருவதற்கு அவை முக்கியக் காரணம். பழைய இடம் அரிக்கத் தொடங்கினால், உடனே மாய்ஸ்சரைசர், குளிர்ச்சி, மருத்துவர் முன்பே எழுதித் தந்திருக்கும் திட்டப்படி களிம்பு என்று தொடங்கிவிடுகிறேன். அந்தத் திட்டத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைப்பது முக்கியம். ஸ்டீராய்டு களிம்பை அளவில்லாமல் நாமாகப் பூசுவது தோலை மெலிய வைக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துத் திடீரென்று நிறுத்தினால் சீழ்க்கொப்புள வகைச் சொரியாசிஸ் வெடித்துக் கிளம்பக்கூடும், அது ஆபத்தானது.

மன அழுத்தத்தைப் பற்றி மேலே சொன்னதை வைத்து நான் அதை விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பழியை விட்டேன், பராமரிப்பைத் தொடங்கினேன். 1998-ல் அமெரிக்கத் தியான ஆய்வாளர் ஜான் கபட்-சின் நடத்திய ஆய்வு எனக்கு நம்பிக்கை கொடுத்தது. ஒளிச்சிகிச்சை பெற்ற 37 பேரில் ஒரு பகுதியினர் ஒளிப்பெட்டிக்குள் நிற்கும்போதே தியானம் வழிநடத்தும் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். அவர்களுக்குத் தோல் விரைவாகத் தெளிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் நான் மதிப்பது, தியானம் சிகிச்சையோடு சேர்ந்து நடந்தது, அதற்குப் பதிலாக அல்ல. என் வழக்கம் எளியது: படுக்கைக்குப் போகும் முன் விளக்கைக் குறைத்து, களிம்பு தடவும் நேரத்தையே மெதுவான மூச்சுக்கான நேரமாக ஆக்கிக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுவேன். தடவும் வேலையை எரிச்சலோடு முடிப்பதற்கும் இப்படி முடிப்பதற்கும் இரவு அரிப்பில் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. தியானம் செய்கிறேன் என்று ஊசியையோ மாத்திரையையோ நிறுத்தியவர்களை நான் அறிவேன். படை திரும்பியபோது அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். அதைப் பார்ப்பது வேதனையாக இருந்தது.

வீட்டில் உடன் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சொறியாதே" என்று சொல்வதை நிறுத்துங்கள். அது அந்த நரம்பு நுனிக்குக் கேட்காது, கேட்கிறவருக்கு அவமானமாக மட்டும் இருக்கும். அதற்குப் பதில் குளிர்ந்த துணியை எடுத்துக் கொடுங்கள், முதுகில் கை எட்டாத இடத்தில் மாய்ஸ்சரைசர் தடவி விடுங்கள். இந்த நோய் ஒட்டாது, தயங்காமல் தொடலாம்.

வேறு நோய்க்கு வேறு மருத்துவரைப் பார்க்கும்போது சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர்கள், மனநலத்துக்குத் தரும் லித்தியம், சில மலேரியா மருந்துகள் ஆகியவை சிலருக்குப் படையைக் கிளப்பும். நாமாக நிறுத்தக் கூடாது, மாற்று உண்டா என்று கேட்க வேண்டும். அறுவை நடக்கப்போகிறது என்றால் கீறல் போடும் இடத்தில் படை இருப்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: அரிப்பின் மதிப்பெண், எத்தனை இரவு தூக்கம் கெட்டது, அண்மையில் தோலில் எங்கெல்லாம் காயமோ உரசலோ பட்டது, புதிதாகத் தொடங்கிய மருந்து எது, எங்காவது எரிச்சலோ மரத்துப்போதலோ உண்டா. காலையில் எழுந்ததும் விரல்களோ முதுகோ அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலும், குதிகால் வலித்தாலும், ஒரு விரல் முழுதாக வீங்கினாலும் அதையும் அதே தாளில் சேருங்கள். அது மூட்டுகளுக்கு நோய் போவதன் அறிகுறியாக இருக்கலாம். நரம்பு, தோல் பற்றிய பேச்சில் அது விடுபட்டுவிடக் கூடாது, ஏனென்றால் தாமதித்தால் மூட்டுச் சேதம் திரும்பாது.